காயாத நீலம்

மார்ச் 4

பெயின்ட் கடைக்காரர் கொடுத்த இந்த டைரி இரண்டு மாதமாகச் சமையலறை அலமாரியில் சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் கிடந்தது. இன்று எடுத்துத் தூசு தட்டினேன். நான் ஓய்வு பெற இன்னும் எண்பத்தெட்டு நாள். "தினமும் எழுது, அப்புறம் வீட்டுல உக்காந்து படிச்சுக்கலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவார், எழுதச் சொன்னால் மட்டும் விரல் வலிக்கும்.

சரி, முறையாக எழுதுகிறேன். மரகதம், வரைவாளர், இச்சிப்பாளையம் உள்ளூர் திட்டக் குழுமம். ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வண்ணம் தீட்டிச் சொல்கிற அலுவலகம். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், ஆலைகளுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. பச்சையில் யாராவது மாடி எழுப்பினால் விடமாட்டோம். நான் போட்ட கோட்டை இதுவரை யாரும் அழித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. அட, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என் டைரி தானே.

நான்கு வழிச்சாலை ஆறு வழியாகப் போகிறது. ஊரும் சாலையைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஓடுகிறது. எங்கே பார்த்தாலும் கிடங்கு, பிரியாணிக் கடை, கார் ஷோரூம். அதனால் முப்பது வருஷப் பழைய நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கிறோம். வரைவுப் படத்தை இன்று நகராட்சி வாசலில் ஒட்டியாயிற்று. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம். ஏப்ரல் 24 கருத்துக் கேட்புக் கூட்டம். அதோடு சரி, படம் சென்னைக்குப் போய்விடும்.

மாங்காய் ஊறுகாயில் உப்பு தூக்கல்.

மார்ச் 7

சாப்பாட்டுக் கேரியரை மறந்து வைத்துவிட்டு வந்தேன். இவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். கொடுத்தோமா போனோமா என்று இருந்தால் அவர் நாச்சிமுத்து இல்லையே. என் அதிகாரி அருள்மொழி மேடத்தின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண் பார்த்த கதையை ஆரம்பித்துவிட்டார். மேடத்துக்கு முப்பத்தொரு வயது. படித்த பெண், கணினியிலேயே ஊரை வரைகிறவர்.

"காப்பித் தட்டோட வந்து நிக்கறாளுங்க இவ. மூஞ்சியப் பாக்கறதா வெரலப் பாக்கறதான்னு எனக்குத் தெரியலீங்க. வெரலெல்லாம் பச்சப் பசேல்னு! மருதாணி இன்னும் செவக்கலையாக்கும்னு நெனச்சேன். எங்கம்மா காதுல சொல்றாங்க, புள்ள இப்பத்தான் தழை பறிச்சுட்டு வந்திருக்குதுடா, நல்ல உழைப்பாளி, சரின்னு சொல்லிருன்னு!"

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தக் கதையை இவர் சொல்லி நான் கேட்பது இருநூறாவது தடவை இருக்கும்.

மார்ச் 12

கைகாட்டி வீதியிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். நெடுஞ்சாலையில் கைகாட்டிக் கம்பம் இருக்கிற முக்கில் மேற்கே திரும்பும் வீதி. நாற்பத்து மூன்று வீடு. வரைவுப் படத்தில் அந்த இடத்தில் லாரி முனையம் என்று இருக்கிறதாம்.

முன்னால் நின்றவர் பாவாயி. அந்த வீதியில் மாவு மில் வைத்திருக்கிறார். குரலும் மில் மாதிரிதான்.

"ஏனுங் மேடம், எங்க வீட்டு மேல லாரிய நிறுத்தப் போறீங்களா? நாங்க எங்க படுக்கறது, டயருக்கு அடியிலயா?"

மேடம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பழைய திட்டத்தில் அந்த வீதி விவசாய நிலம். அதாவது காலி இடம். புதுப்படம் போட்டவர்கள் பதிவேட்டை நம்பிச் சாலையோரக் காலி நிலத்தில் லாரி முனையத்தை வைத்துவிட்டார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் தெரிகிற வீடுகளை 'அனுமதியற்ற கட்டடங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள்.

"எங்க மாமனார் காலத்து வீடுங்க அது! வெவசாயமா? எங்க வாசல்ல ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்குது, அதாங்க வெவசாயம்" என்றார் பாவாயி. "சரி, நாங்க பச்சைன்னா, கடைசி ரெண்டு வீடு மட்டும் எப்படி மஞ்சளாச்சு? அவிய மட்டும் மாடி கட்டிக்கிட்டாங்க. கேளுங்க, இங்கதான் உக்காந்திருக்காரு."

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார் சென்னியப்பன் வாத்தியார். வீதிக்கோடியில் இரண்டு வீடு, அவருடையதும் அவர் தம்பியுடையதும்.

"எனக்கு எந்த மந்திரியையும் தெரியாதுங்க" என்றார் அவர், ஆயிரம் முறை சொல்லிச் சலித்த குரலில். "எனக்குத் தெரிஞ்ச பெரிய மனுசன் எங்க போஸ்ட்மேன்தான்."

எனக்குத் தலைவலி. சுக்குக் காப்பி குடித்தேன்.

மார்ச் 13

விசேஷம் ஒன்றுமில்லை. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

மார்ச் 19

மேடத்தோடு கைகாட்டி வீதிக்குப் போக வேண்டியிருந்தது. வேறு யாரையாவது அழைத்துப் போங்கள் என்றேன், மேடம் கேட்கவில்லை.

பாவாயி வீட்டு மொட்டை மாடியில் ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் வீதி முழுக்க வரிசையாக மொட்டை மாடிகள். ஒவ்வொன்றிலும் நாலு மூலையில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கக் கம்பி நுனியிலெல்லாம் காலி பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அனுமதி வந்ததும் மாடி எழுப்பலாம் என்று விட்டு வைத்த கம்பிகள். பச்சை நிலத்துக்கு ஏது அனுமதி?

"இந்தக் கம்பிய நிறுத்தறப்ப எம்மவன் ஏழாவது படிச்சான்" என்றார் பாவாயி. "இப்ப அவம்மவ ஒண்ணாவது போகப் போறா. கீழ ஒத்த ரூமு. கல்யாணமான பையன எங்க படுக்க வைக்கறது? திருப்பூர்ல வாடகைக்கு இருக்கான். பேத்திய நான் மாசத்துக்கு ஒருக்காத்தான் பாக்கறேன். பதினெட்டு வருசமா இந்தப் பாட்டில மாத்தி மாத்திக் கவுத்துட்டு இருக்கறனுங்க."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கம்பியைப் பார்த்தேன்.

இறங்கும்போது தட்டு நிறைய முறுக்கு வைத்தார். சாப்பிட முடியவில்லை. வாத்தியார் தன் வாசலில் நின்று எங்களைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். வீதியில் யாரும் முப்பது வருஷமாக அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். ஆள் பிடித்து அனுமதி வாங்கினவர் என்று பேர். நாங்கள் குடித்தோம். வாத்தியார் வீட்டு அம்மாவுக்கு முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 26

பதிவறைக்குப் போய்ப் பழைய திட்டத்தின் ஏழாம் தாளைத் தேடி எடுத்தேன். கைகாட்டி வீதி அதில்தான் இருக்கிறது. கட்டைவிரல் நீளம்தான். தாள் நன்றாகத்தான் இருக்கிறது, எலி கடிக்கவில்லை.

பச்சை ஒரே சீராக இல்லை. சாலைப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறது. மேற்கே போகப் போக வெளுத்து, கோடியில் அந்த இரண்டு வீட்டில்...

மேசையைத் துடைத்தேன். தாளைச் சுருட்டி வைத்தேன்.

ஏப்ரல் 2

"பழைய பதிவு தப்புன்னு காட்ட ஆதாரம் வேணும் மேடம்" என்றார் அருள்மொழி மேடம். நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை மேடம் என்கிறார், புதிதாக வருகிறவர்களுக்கு யார் அதிகாரி என்றே தெரியாது. "வீடு இருக்குன்னு சொன்னா போதாது. அனுமதியில்லாம கட்டினதுன்னுடுவாங்க. முப்பது வருஷம் முன்னாடியே அது மஞ்சளா இருந்திருக்கணும்னு நிரூபிக்கணும். இல்லைன்னா லாரி முனையம் உறுதி. அந்தத் தாளை வரைஞ்சது யாருன்னு தெரிஞ்சாக்கூடப் போதும். வரைந்தவர் கட்டத்துல சீல் குத்தி எழுத்தை மறைச்சுட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"பார்க்கணும்ங்க" என்றேன்.

பார்க்க என்ன இருக்கிறது.

ஏப்ரல் 5

எழுதிவிடுகிறேன். வெந்தயத்துக்குப் பக்கத்தில் கிடந்த டைரியிடம்கூடச் சொல்ல முடியாவிட்டால் நான் யாரிடம் சொல்வேன்?

ஏழாம் தாளை வரைந்தவள் நான்தான்.

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. மாலை ஐந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாளும் அன்றே கையெழுத்துக்குப் போக வேண்டும். சாலையோரக் கடைகளுக்கு நீலம் பூசினேன். நீர்வண்ணம் காய அரை மணி நேரம் விட்டு அப்புறம்தான் பக்கத்து வண்ணத்தைத் தொட வேண்டும். எங்கள் தொழிலில் இது அ, ஆ மாதிரி. நான் ஐந்து நிமிஷம்கூட விடவில்லை. மணி நாலேகால், நாலரைக்குப் பேருந்து. கைகாட்டி வீதிக்கு மஞ்சளை இழுத்தேன். வரைபலகை மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தது. காயாத நீலம் மளமளவென்று மஞ்சளுக்குள் இறங்கி, நாற்பத்தொரு வீட்டைப் பச்சையாக்கிவிட்டது. கோடியிலிருந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் எட்டவில்லை. விரலால் ஒற்றி எடுக்கப் பார்த்தேன், விரல் பச்சையானதுதான் மிச்சம். அப்படியே ஓடினேன்.

திங்கட்கிழமை வந்தபோது தாள் கையெழுத்தாகியிருந்தது. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் இருந்தேன், திட்டு வாங்க மனசில்லை. யாராவது நேரில் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். பதிவேடு எழுதினவர் நேரில் பார்க்கவில்லை, வண்ணத்தைப் பார்த்தார். பச்சை, விவசாயம் என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் எல்லாரும் பதிவேட்டைத்தான் பார்த்தார்கள். எனக்கும் கல்யாணமாகி மாற்றலாயிற்று. ஆறு வருஷம் முன்புதான் இங்கே திரும்பி வந்தேன். அது வரைக்கும் அந்த வீதியை நினைத்ததே இல்லை. சத்தியமாக இல்லை.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். கடைசி மாதத்தில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுப்பார்கள். மே 31 மாலை சால்வை போர்த்துகிற இடத்தில் பணியிடை நீக்க உத்தரவைக் கையில் திணிப்பார்கள். பார்த்திருக்கிறேன், நடந்திருக்கிறது. முப்பத்தாறு வருஷம் ஒரு கறை இல்லாமல் இருந்துவிட்டு!

கறை இல்லாமலா? நாற்பத்தொரு வீட்டு மேல் கறை.

ஏப்ரல் 9

இவரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அது தழை இல்லியா?" என்றார். அப்புறம் கம்பிகளையும் பாட்டில்களையும் பாவாயியின் பேத்தியையும் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"முப்பது வருசமா நான் அந்தப் பச்சை வெரலச் சொல்லி ஊரையே சிரிக்க வெச்சுட்டு இருக்கறேன். அவிய வீட்டுக் கூரையத் தூக்கிட்டு வந்துதான் நீ எனக்குக் காப்பி குடுத்திருக்கற" என்றார். பிறகு நடத்துநர் குரலுக்கு வந்தார். "இத பாரு மரகதம். டிக்கெட்டத் தப்பாக் கிழிச்சுட்டா அடுத்த ஸ்டாப்புக்குள்ள சொல்லிப் போடோணும். நீ முப்பது வருசம் ஸ்டாப்பத் தாண்டிட்ட. ஆனா அவிய இன்னும் பஸ்ஸுலதான் உக்காந்திருக்காங்க. போய்ச் சொல்லிரு."

"வேலைக்கு ஆபத்து வந்தா?"

"வந்தா வரட்டும். நாம ரெண்டு பேரும் மாவு மில்லுல வேலைக்குச் சேந்துக்கலாம்."

சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

ஏப்ரல் 14

சித்திரைக் கனி. கண்ணாடி முன்னால் முக்கனியும் கொன்றைப் பூவும் வைத்தோம். கண் விழித்ததும் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. பரவாயில்லை, பார்க்க முடிந்தது.

ஏப்ரல் 15

மேடத்திடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நான் இதைக் கேக்கவே இல்லை மேடம். ஜூன் மாசம் சொல்லுங்களேன். ஓய்வு பெற்ற பிறகு யார் உங்களை என்ன பண்ண முடியும்?"

"ஜூன்ல சொன்னா படம் சென்னைக்குப் போயிருக்கும்ங்க மேடம். லாரி வந்து நின்னுரும்."

அவர் தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். ஏனென்று தெரியவில்லை. எலுமிச்சை மிட்டாய். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 24

நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். கைகாட்டி வீதி மொத்தமும் முன் வரிசையில். வாத்தியார் மட்டும் தூண் பக்கம் தனியாக. இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கைகாட்டி வீதியின் முறை வந்ததும் நான் ஏழாம் தாள், வரைபலகை, வண்ணங்களோடு மேடை ஏறினேன்.

"பேசத் தெரியாது. செஞ்சு காட்டறேன்" என்றேன்.

வரைபலகையைச் சாய்த்து வைத்து வெள்ளைத் தாளைப் பொருத்தினேன். நீலத்தைப் பூசினேன். காய விடாமல் மஞ்சளை இழுத்தேன். எல்லாரும் எட்டிப் பார்க்க, நீலம் இறங்கியது. மஞ்சள் பச்சையாயிற்று. கோடியில் நகத்தளவு மஞ்சளாகவே நின்றது. அதன் பக்கத்தில் ஏழாம் தாளை விரித்துப் பிடித்தேன். அச்சு அசல்.

"இது யாரும் போட்ட திட்டமில்லீங்க. காயாத நீலம். முப்பது வருசம் முன்னாடி இதை வரைஞ்சது நான்தான். அன்னைக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவசரத்துல தப்பு பண்ணிட்டேன். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. உங்க வீதி எப்பவும் மஞ்சள்தான். என்னை மன்னிச்சுக்குங்க."

பாவாயி எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"பதினெட்டு வருசம்ங்க்கா" என்றார். மேடம் என்று சொல்லவில்லை. "எம்பேத்தி எங்கிட்டப் படுத்துத் தூங்குனதே இல்ல."

நான் தலைகுனிந்து நின்றேன். பிறகு அதே மில் குரல்:

"அது கெடக்கட்டும். வந்த மாப்பிள்ளையப் புடிச்சிருந்துதா இல்லியா?"

"புடிச்சுதுங்க" என்றேன்.

"ஆளு எங்க?"

கடைசி வரிசையில் இவர் எழுந்து, பேருந்தில் இறங்குகிறவர்களுக்குச் சொல்வது போல, "இங்க இருக்கறனுங்கோ!" என்று கையைத் தூக்கினார். பாவாயி திரும்பி மேலும் கீழும் பார்த்தார்.

"ம்ம். இவருக்காகவா நாப்பத்தொரு வீட்டுக்கு மாடி இல்லாமப் போச்சு?"

மண்டபமே வெடித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அருள்மொழி மேடம் மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் சென்னியப்பன் வாத்தியார் மேடைக்கு வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். வகுப்பை அடக்குவது போல ஒரு பார்வை. எல்லாரும் அடங்கினார்கள்.

"நான் எந்த ஆளையும் புடிக்கலை. நீலம் எங்க வீட்டுக்கு வந்து சேரலை, அவ்வளவுதான். இப்பப் புரிஞ்சுதா?" என்றார். "முப்பது வருசமா எங்க வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிக்காதவங்க எல்லாரும் நாளைக்குக் காலையில வந்து காப்பி குடிச்சுட்டுப் போகோணும். ஒருத்தர் பாக்கியில்லாம."

ஏப்ரல் 25

வாத்தியார் வீட்டில் பால் தீர்ந்து மூன்று முறை வாங்கி வந்தார்களாம். பாவாயி இரண்டு டம்ளர் குடித்தாராம்.

மே 3

குறிப்பாணை வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் எழுதி முடிக்க முடிகிறது!

மே 17

பதில் இல்லை. சால்வையா உத்தரவா என்று இவர் தினமும் கேட்கிறார். அருள்மொழி மேடமும் விளக்கத்தோடு மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாராம். அலுவலகப் பையன்தான் சொன்னான்.

மே 22

குழுமம் தீர்மானம் போட்டுவிட்டது. கைகாட்டி வீதி, நாற்பத்து மூன்று வீடும், குடியிருப்பு. லாரி முனையம் சாலைக்குக் கிழக்கே, கைவிட்ட கல் குவாரிக்குப் போகிறது. அங்கே எவர் வீடும் இல்லை. நானும் மேடமும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பதிவேட்டை நம்பவில்லை.

மே 28

என் விளக்கத்துக்குப் பதில் வந்தது. பிரித்துப் படித்தேன். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதைக் கருத்தில் கொண்டு, மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறதாம். கடைசி வரி: 'வருங்காலத்தில் கவனமாகப் பணியாற்றுமாறு எச்சரிக்கப்படுகிறார்.'

வருங்காலம் மூன்று நாள். மேடம் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மேசையில் கவிழ்ந்து சிரித்தார்.

மே 31

சால்வை போர்த்தினார்கள். மிக்ஸர், ஜாங்கிரி, பாராட்டுரை எல்லாம் மூன்று மணிக்கே முடிந்தது. நான் பையை எடுத்தபோது மேடம் ஏழாம் தாளைக் கொண்டுவந்து என் பலகையில் விரித்தார். பழைய தாளிலும் திருத்தம் போட்டுச் சான்றொப்பம் இட வேண்டுமாம். கணினி அதற்கு உதவாது, கையால்தான் தீட்ட வேண்டும். வெள்ளைத் துண்டு ஒன்றை அளவாக வெட்டி ஒட்டினேன். பலகையைச் சமமாக வைத்தேன். கடைகளுக்கு நீலம் பூசினேன். தூரிகையைக் கழுவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இவர் நாலரைக்கு ஸ்கூட்டரோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். உள்ளே வந்து, "கிளம்பலாமா?" என்றார்.

"காயட்டும்ங்க" என்றேன்.

பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம். நாச்சிமுத்து அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருந்ததை நான் இன்றுதான் பார்த்தேன். நீலத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதற்கப்புறம் மஞ்சளை எடுத்து, முதல் வீட்டிலிருந்து கோடி வீடு வரைக்கும் மெல்ல இழுத்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. மேடம் கையெழுத்திட்டார். வரைந்தவர் கட்டத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன்.

வீட்டுக்குக் கைகாட்டி வீதி வழியாகப் போனோம். பாவாயி வீட்டு மாடியில் கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பிகளில் பாட்டில் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி வாசல் சுவர் ஓரம் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பாவாயி மேலேயிருந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

வீட்டில் இவருக்குக் காப்பி போட்டுக் கொண்டுபோனேன். டம்ளரை வாங்கும்போது என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சளா இருக்குது" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.